மால்ட்டோடு மால்ட் சேர்ந்தால்: பிளெண்டட் மால்ட் ஸ்காட்ச்சை ருசிப்பதும் மதிப்பிடுவதும்

2003-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து விஸ்கித் தொழிலில் ஒரு பெரிய சண்டை மூண்டது. ஸ்பேசைட் வட்டாரத்திலுள்ள கார்டூ வடிசாலையின் சிங்கிள் மால்ட்டுக்கு ஸ்பெயினில் கிராக்கி கூடிக்கொண்டே போனது. ஒரே வடிசாலை எவ்வளவுதான் வடிக்கும்? வடித்ததையும் பன்னிரண்டு ஆண்டு பீப்பாயில் கிடத்த வேண்டும். உரிமையாளரான டியாஜியோ நிறுவனம் குறுக்குவழி ஒன்றைக் கண்டுபிடித்தது. தன் கையிலிருந்த வேறு மால்ட்டையும் சேர்த்துக் கலந்தது. பாட்டில் கிட்டத்தட்ட அதேதான். லேபிளில் 'சிங்கிள்' போய் 'பியூர்' வந்தது. கார்டூ என்பது இனி பிராண்டின் பெயர் மட்டுமே என்று காட்டுவதற்காக வடிசாலையின் பெயரையே கார்டோ என்று மாற்றினார்கள். கிளென்ஃபிடிக் தயாரிக்கும் வில்லியம் கிராண்ட் அண்ட் சன்ஸ் கொதித்தெழுந்தது. வாடிக்கையாளரை ஏமாற்றும் வேலை இது என்ற கூச்சல் தொழில் முழுக்கப் பரவியது. 2004-ல் டியாஜியோ பின்வாங்கியது.

அந்த ஆத்திரம் லேபிளைப் பற்றியது, சுவையைப் பற்றியதல்ல. ஆனால் அதன் விளைவாக, கலந்த மால்ட் என்றாலே ஏதோ கலப்படம் என்ற எண்ணம் பலர் மனத்தில் தங்கிவிட்டது. மால்ட்டோடு மால்ட்டைக் கலந்தால் தரம் குறையுமா? குறையாது என்பது என் முடிவு. ஆனால் நன்றாகக் கலப்பது கடினம். கலந்ததைச் சரியாக மதிப்பிடுவதும் கடினம். இரண்டுக்கும் காரணம் உண்டு.

முதலில் வகைகள். முளைகட்டிய பார்லியை மட்டும் ஊறவைத்து, நொதிக்கவிட்டு, செம்பு வடிகலனில் ஈடு ஈடாக வடிப்பது மால்ட் விஸ்கி. கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களைச் சேர்த்துப் பெரும்பாலும் உயரமான தொடர் வடிகலனில் இடைவிடாமல் வடிப்பது கிரெய்ன் விஸ்கி. இது மெலிந்த, இலேசான சரக்கு, செலவும் குறைவு. 2009-ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகள் ஸ்காட்ச்சை ஐந்தாகப் பிரிக்கின்றன: சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெய்ன், பிளெண்டட் மால்ட், பிளெண்டட் கிரெய்ன், பிளெண்டட் ஸ்காட்ச். ஒன்றுக்கு மேற்பட்ட வடிசாலைகளின் சிங்கிள் மால்ட்டுகள் கிரெய்ன் சேராமல் கலந்தால் பிளெண்டட் மால்ட். மால்ட்டும் கிரெய்னும் கலந்தால் பிளெண்டட் ஸ்காட்ச். கடையில் நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

காபிப் பொடிக் கடையில் பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, சிக்கரி வேண்டாம் என்று சொல்லி அரைத்து வாங்குகிறவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. சிக்கரி இல்லாத கலவை பிளெண்டட் மால்ட். சிக்கரி சேர்ந்தது பிளெண்டட் ஸ்காட்ச். கிரெய்னைச் சிக்கரி என்றால் கிரெய்ன் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபம் நியாயமானதே, முப்பது நாற்பது ஆண்டு முதிர்ந்த நல்ல கிரெய்ன் அருமையான பானம். ஆனால் அன்றாடக் கலவைகளில் அது செய்யும் வேலை பெரும்பாலும் மெலிதாக்குவதும் விலையைக் குறைப்பதும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'சிங்கிள்' என்பது ஒரே வடிசாலையைக் குறிக்கிறது; ஒரே பீப்பாயை அல்ல. கடையில் வாங்கும் ஒரு சாதாரண சிங்கிள் மால்ட் பாட்டிலில் பல பீப்பாய்களின் விஸ்கி, பல வயதுகளில், கலந்துதான் இருக்கிறது. ஆக, கலப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரு வேலிக்குள் கலப்பதா, வேலி தாண்டிக் கலப்பதா என்பதுதான் கேள்வி.

வரலாற்றில் மூத்ததும் மால்ட் கலவைதான். 1853-ல் வந்த ஒரு சட்டம், தீர்வை கட்டுவதற்கு முன்பே சுங்கக் காப்புக் கிடங்கில் வைத்து விஸ்கியைக் கலக்க வழிவிட்டது. அதே ஆண்டு எடின்பரோவில் ஆண்ட்ரூ அஷர் என்ற வணிகர் 'ஓல்டு வாட்டட் கிளென்லிவெட்' என்ற சரக்கை விற்கத் தொடங்கினார். மால்ட்டையும் கிரெய்னையும் கிடங்கிலேயே கலக்க 1860-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த பிறகு, கிரெய்ன் கலந்த சரக்கு உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அதில் சேர்ந்த செல்வத்தின் ஒரு துளியை இன்றும் எடின்பரோவில் பார்க்கலாம். 1914-ல் திறந்த அஷர் ஹால் என்ற இசையரங்கம், ஆண்ட்ரூவின் அதே பெயர் கொண்ட மகன் கொடுத்த நன்கொடையில் எழுந்தது.

பின் நூறாண்டுக்கு மால்ட் வடிசாலைகள் கலவைக்காரர்களுக்குச் சரக்கு கொடுக்கும் பட்டறைகளாகவே இருந்தன. 1963-ல் கிளென்ஃபிடிக் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கு வெளியே தீவிரமாக விற்கத் தொடங்கியதும் காற்று திசை மாறியது. வடிசாலையின் பெயர், அந்த ஊரின் தண்ணீர், வடிகலனின் வடிவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை பிறந்தது. வாட்டட் மால்ட் என்று அந்நாளில் அழைத்த கலவைக்குச் சொல்லிக்கொள்ள ஊரில்லை. மலிவு என்று விற்கவும் முடியாது, மகிமை என்று விற்கவும் முடியாது. கார்டூ சண்டை அந்த நேரத்தில்தான் வந்தது.

சண்டைக்குப் பிறகு எழுதிய 2009 விதிகள் 'வாட்டட் மால்ட்', 'பியூர் மால்ட்' என்ற இரு பெயர்களையும் தடை செய்தன. 'பிளெண்டட் மால்ட்' கட்டாயமானது. குழப்பம் தீரும் என்று எதிர்பார்த்தார்கள், தீரவில்லை. 'பிளெண்டட்' என்ற சொல்லைக் கண்டதும் வாங்குபவர் அதைக் கிரெய்ன் கலந்த சரக்கோடு சேர்த்து நினைக்கிறார். லண்டனிலிருந்து இயங்கிய காம்பஸ் பாக்ஸ் நிறுவனம், பழைய பெயர்களுக்குக் கொடுத்த சலுகைக் காலம் முடியும் தறுவாயில், 2011-ல், 'தி லாஸ்ட் வாட்டட் மால்ட்' என்று பெயரிட்டே ஒரு விஸ்கியை வெளியிட்டுத் தன் எதிர்ப்பைக் காட்டியது.

விஸ்கியைக் கலக்கும் பிளெண்டரின் மேசைக்கு வருவோம். பிளெண்டட் ஸ்காட்ச்சில் இலேசான கிரெய்ன் அடியில் விரிந்து கிடக்கிறது. மேலே வைக்கும் மால்ட்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் அது இடைவெளி கொடுக்கிறது. பிளெண்டட் மால்ட்டில் அந்த மெத்தை கிடையாது. எல்லாமே கனமான, குணமுள்ள சரக்கு. லின்க்வுட் போன்ற மென்மையான மால்ட்டில் பூவும் ஆப்பிளும் மணக்கும். ஸ்கை தீவின் டாலிஸ்கரில் மிளகுக் காரமும் கடல் உப்பும் உண்டு. ஐலா தீவின் கால் ஈலாவில் புகை. சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் கரியை எரித்துப் பார்லியை உலர்த்துவதால் வரும் ஃபீனால் சேர்மங்களே அந்தப் புகைக்குக் காரணம். இவற்றில் சிலவற்றை மனித மூக்கு மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும். எனவே புகை மால்ட்டைச் சற்றுக் கூட ஊற்றினாலும் மற்ற எல்லாம் அதன் பின்னால் மறைந்துவிடும். குறைத்தால், ஏதோ அடிப்பிடித்த வாசனை என்று தோன்றும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் கலையின் பாதி.

மறுபாதி பீப்பாயில். அமெரிக்க போர்பன் கிடந்த ஓக் பீப்பாய் வெனிலாவும் தேங்காய்ச் சாயலும் தரும். ஷெர்ரி ஒயின் கிடந்த பீப்பாய் உலர்திராட்சை, பேரீச்சை, கொட்டைகளின் மணம் தரும். ஒரே வடிசாலையின் ஒரே வயதுள்ள இரண்டு பீப்பாய்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு வாங்கும் பாட்டிலும் இந்த ஆண்டுப் பாட்டிலைப் போலவே இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்க்கிறார். கலந்த பிறகு பல நிறுவனங்கள் சரக்கைச் சில வாரமோ சில மாதமோ மீண்டும் பீப்பாயிலோ தொட்டியிலோ கிடத்துகின்றன. இதற்கு 'மேரியிங்' என்று பெயர். கல்யாணமானால் போதாது, குடித்தனமும் நடத்த வேண்டும் என்பது அவர்கள் அனுபவம் போலும்.

இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கையான வழக்கமும் உண்டு. ஒரு வடிசாலை தன் மால்ட்டைப் பீப்பாயாக வெளியாருக்கு விற்கும்போது, அவர்கள் அதைத் தன் பெயரில் சிங்கிள் மால்ட்டாக விற்றுவிடாதபடி வேறொரு வடிசாலையின் மால்ட்டைத் துளியளவு ஊற்றிவிடுவதுண்டு. டீஸ்பூன் மால்ட் என்பார்கள். கிளென்ஃபிடிக்கில் சிறிது பால்வெனியைச் சேர்த்தால் வார்டுஹெட். பால்வெனியில் சிறிது கிளென்ஃபிடிக்கைச் சேர்த்தால் பர்ன்சைட். சட்டத்தின் கண்ணில் இவையும் பிளெண்டட் மால்ட்தான். நாக்குக்கு அந்தத் துளி தெரியாது. இந்த வகையின் பெயரை வைத்து மட்டும் தரத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சந்தையில் இருப்பவற்றில் பாடம் படிக்கச் சிறந்தது, என் கணக்கில், ஜானி வாக்கர் கிரீன் லேபிள். 1997-ல் 'பியூர் மால்ட்' என்ற பெயரில் வந்து, பிறகு கிரீன் லேபிள் ஆனது. பதினைந்து ஆண்டு வயது, 43 விழுக்காடு ஆல்கஹால். டாலிஸ்கர், கால் ஈலா, கிராகன்மோர், லின்க்வுட் ஆகிய நான்கையும் அதன் தூண்களாக நிறுவனமே சொல்கிறது. 2012-ல் தைவானைத் தவிர மற்ற சந்தைகளிலிருந்து அதை விலக்கிக்கொண்டார்கள். 2016-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். சிவப்பு, கறுப்பு லேபிள்களை மட்டுமே அறிந்தவர்கள் அந்த வரிசையில் கிரெய்ன் சேராத சரக்கு இது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

வில்லியம் கிராண்ட் 2005-ல் வெளியிட்ட மங்கி ஷோல்டர் வேறு ரகம். டஃப்டவுன் ஊரிலுள்ள கிளென்ஃபிடிக், பால்வெனி, கினின்வி மூன்றையும் கொண்டு தொடங்கியது. தரையில் பரப்பிய பார்லியை நாளெல்லாம் மண்வெட்டியால் புரட்டியவர்களுக்குத் தோள் தொங்கிப்போகும். அந்த உபாதையின் பட்டப்பெயர்தான் பிராண்டின் பெயர். இனிப்பும் வெனிலாவும் தூக்கலான, சண்டைக்கு வராத சரக்கு. காக்டெயிலில் கலக்கவே விளம்பரம் செய்கிறார்கள். அந்த வேலைக்கு நல்லது. தனியே வைத்து ஆராய அதில் அதிகமில்லை. கார்டூ விவகாரத்தில் கலவையை எதிர்த்துக் கொடிபிடித்த நிறுவனம் அடுத்த ஆண்டே மால்ட் கலவையை விற்கத் தொடங்கியது என்பதை முரண் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் கேட்டது தனிப்பெயரும் தனிப்பாட்டிலும்தான், அதைத்தான் செய்தார்கள்.

டக்ளஸ் லெய்ங் நிறுவனத்தின் பிக் பீட் முழுக்க ஐலா தீவு மால்ட்டுகள். புகையோடு புகையைக் கலந்தால் வேறுபாடு தெரியுமா என்ற கேள்விக்கு அது விடை: தெரியும். ஒரு புகையில் மருந்து நெடி, இன்னொன்றில் அடுப்புச் சாம்பல், வேறொன்றில் எலுமிச்சையோடு வரும் கடல் காற்று.

காம்பஸ் பாக்ஸ் தனியே பேச வேண்டிய நிறுவனம். ஜானி வாக்கரில் சந்தைப்படுத்தல் பிரிவில் இருந்த அமெரிக்கரான ஜான் கிளேசர் 2000-ல் தொடங்கியது. அவர் 2005-ல் கொண்டுவந்த ஸ்பைஸ் ட்ரீ என்ற மால்ட் கலவைக்குப் பீப்பாயின் உட்புறத்தில் பிரெஞ்சு ஓக் பலகைகளைக் கூடுதலாகப் பொருத்தினார். மரபில் இல்லாத முறை என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குத் தொடுக்கப்போவதாக எச்சரித்தது, தயாரிப்பு நின்றது. 2009-ல் அதே பெயர் திரும்பி வந்தது. இம்முறை உள்ளே கூடுதல் பலகை இல்லை. பீப்பாயின் இரு முனை மூடிகளும் வறுத்த பிரெஞ்சு ஓக். சங்கத்தால் எதுவும் சொல்ல முடியவில்லை. கிராம்பும் இஞ்சியும் சாதிக்காயும் அடுக்கடுக்காக வரும் ஸ்பைஸ் ட்ரீ, கலப்பவரின் கை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அடையாளம்.

இனி ருசிப்பது. நம் ஊரில் இதைச் சொல்லும்போது ஒரு பழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் பெருமளவு விற்பது மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய விதிப்படி அது விஸ்கியே அல்ல. அதில் தேடிப் பிடிக்க மணம் அதிகமில்லாததால் ஐஸ், சோடா, காரமான சைடு டிஷ் என்று சூழவைத்துச் சீக்கிரம் இறக்கிவிடும் பழக்கம் வந்தது. பீப்பாயில் பதினைந்து ஆண்டு கிடந்த ஒன்றுக்கு அதே மரியாதை செய்வது காசைக் கரியாக்குவது. ராவாக அடிப்பதுதான் வீரம் என்ற நம்பிக்கையும் இன்னொரு கோடியில் இருக்கிற அதே தவறு.

கிளாஸ் முக்கியம். அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடி வேண்டும். 2001 முதல் விற்கும் கிளென்கெய்ர்ன் கிளாஸ் இதற்காகவே செய்தது. இல்லாவிட்டால் சிறிய ஒயின் கிளாஸ் போதும். அகன்ற டம்ளரில் மணம் பறந்துவிடும். இருபது இருபத்தைந்து மில்லி ஊற்றினால் தாராளம். நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சட்டம் கேரமல் நிறமியை அனுமதிக்கிறது, ஆகவே கருமை முதிர்ச்சிக்குச் சான்றல்ல. ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல் விளிம்புக்கு மேலே பிடித்து, வாயைச் சற்றுத் திறந்து மெல்ல முகருங்கள். முதல் தடவை எரிச்சல்தான் தெரியும். இரண்டாவது, மூன்றாவது தடவைதான் பழமோ, தேனோ, புகையோ முகம் காட்டும்.

பிறகு ஒரு சிறு வாய், நாக்கு முழுக்கப் படரவிட்டு. அதன் பிறகு சில சொட்டுத் தண்ணீர். இது கௌரவக் குறைச்சல் அல்ல. தொழில்முறைப் பிளெண்டர்கள் ஏறக்குறைய 20 விழுக்காடு ஆல்கஹால் அளவுக்கு நீர்த்துத்தான் முகர்கிறார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃபிரீட்மன் இருவரும் 2017-ல் வெளியிட்ட கணினி ஆய்வு இதற்கு ஒரு காரணம் சொன்னது: புகைச் சுவைக்குக் காரணமான குவாயகால் என்ற சேர்மம், ஆல்கஹால் கூடினால் திரவத்துக்குள் அமிழ்ந்திருக்கிறது, நீர்த்தால் மேற்பரப்பில் கூடுகிறது. ஐஸ் இதற்கு நேர்மாறு. குளிரில் மணங்கள் எழும்பாது.

இதுவரை சொன்னது எந்த மால்ட்டுக்கும் பொருந்தும். பிளெண்டட் மால்ட்டுக்கென்று கவனிக்க வேண்டியவை வேறு. முதலாவது, தையல் தெரிகிறதா? மோசமான கலவையில் இரண்டு விஸ்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்ததுபோல் இருக்கும்: இனிப்பு முடியும், திடீரென்று புகை தொடங்கும். நல்ல கலவையில் புகை முதலிலேயே பழத்துக்குள் நிழலாக இருந்து கடைசியில் தான் யாரென்று சொல்லும். கிரீன் லேபிளில் முதலில் வருவது பச்சை ஆப்பிளும் தேனும், நடுவில் மால்ட்டின் அரிசிப்பொரி வாசனை, பிறகு மிளகு, விழுங்கிய பின் மெல்லிய புகை. அடுத்தது, நடுப்பகுதி. இந்த வகையில் மிகச் சாதாரணமான குறை இங்கேதான் இருக்கிறது. தொடக்கத்துக்கு வெனிலா, முடிவுக்குப் புகை, நடுவில் வெறுமை. விளம்பரத்துக்காகச் செய்த கலவைகளை இந்த இடத்தில் பிடித்துவிடலாம்.

எது டாலிஸ்கர், எது லின்க்வுட் என்று பெயர் சொல்லிப் பிரிக்கும் விளையாட்டை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள். உறுப்புகளைத் தேடத் தொடங்கினால் முழுமை கையை விட்டுப் போய்விடும். கற்க விரும்பினால் வேறு வழி உண்டு: ஒரு ஸ்பேசைட் சிங்கிள் மால்ட், ஒரு பிளெண்டட் மால்ட், ஒரு பிளெண்டட் ஸ்காட்ச் மூன்றையும் ஒருவர் ஊற்றித் தர, எது எதுவென்று தெரியாமல் பக்கம் பக்கமாக முகர்ந்து பாருங்கள். அல்லது ஒன்பது தேக்கரண்டி ஸ்பேசைட் மால்ட்டில் ஒரு தேக்கரண்டி ஐலா மால்ட்டைக் கலந்து ஒரு நாள் மூடிவையுங்கள். அந்த ஒரு கரண்டியின் அதிகாரம் புரியும். பிளெண்டரின் சம்பளம் நியாயமானது என்பதும் புரியும். ருசிப்பது என்பது குறைவாகக் குடிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு எழுதிய சுவைக் குறிப்பை யாரும் நம்ப வேண்டாம்.

வயதுக் கணக்கில்தான் இந்த வகைக்கு உண்மையான அநியாயம் நடக்கிறது. லேபிளில் வயது போட்டால், கலந்தவற்றில் மிக இளையதன் வயதையே போட வேண்டும். ஏமாற்றைத் தடுக்க இது நல்ல விதி. ஆனால் முப்பது ஆண்டு மால்ட்டின் பெரும்பகுதியோடு உயிரூட்டுவதற்காகப் பத்து ஆண்டு மால்ட் சிறிது சேர்த்தால், அதைப் பத்து என்று சொல்லலாம், அல்லது வயதே சொல்லாமல் விடலாம்; முழு விவரத்தையும் சொல்லக் கூடாது. காம்பஸ் பாக்ஸ் 2015-ல் இரண்டு வெளியீடுகளின் உறுப்புகளையும் அவற்றின் வயதுகளையும் விகிதங்களையும் அச்சிட்டு வெளியிட்டபோது புகார் எழுந்தது. வயதுகளை நீக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, உண்மையை முழுதாகச் சொல்ல விரும்பும் தயாரிப்பாளரை அனுமதியுங்கள் என்று அது ஓர் இயக்கமே தொடங்கியது. அதன் கோரிக்கை நியாயமானது. பொய்யைத் தடுக்க எழுதிய விதி முழு உண்மையையும் சேர்த்துத் தடுப்பது அபத்தம்.

இந்தியாவில் வாங்குபவருக்கு இது இன்னும் முக்கியம். 150 விழுக்காடு சுங்க வரியில் வந்த பாட்டில் இது. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தம் அதை முதலில் 75-க்கும் பத்தாண்டில் 40-க்கும் இறக்க வகை செய்கிறது. விலை இறங்கினால் புதுப்புதுப் பெயர்கள் அலமாரிக்கு வரும், அழகான பாட்டில்களில். வாங்கும்முன் லேபிளைப் படியுங்கள். 'பிளெண்டட்' என்பதற்கு அடுத்து 'மால்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிரெய்ன் இல்லை. 46 விழுக்காடு ஆல்கஹால், குளிரவைத்து வடிகட்டவில்லை, நிறம் சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். உள்ளே என்னென்ன வடிசாலைகள், என்ன வயது என்று தெரியவில்லையென்றால் தயாரிப்பாளருக்கே எழுதிக் கேளுங்கள். லேபிளில் போட முடியாததையும் கேட்டவருக்குச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன.